பெராக்சைடு கொடுத்த பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளப்பது: முழுமையான வழிகாட்டி

பெருங்குடல் புற்றுநோய்ச் செல்கள்மேல் ஆக்சிஜனேற்ற அழுத்தம் விழும்போது எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. (மரபணுக்களின் வேலையை அமுக்கும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ., பெயரில் 'மிர்' என்று வரும்) கூடுகிறது, எது குறைகிறது, அந்த மாற்றத்தால் செல்லில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் சோதனை இது. தாளில் சுலபமாகத் தெரியும்: எச்சிடி116 என்ற பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லை வளர்க்க வேண்டும், ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்ற வேண்டும், மறுநாள் மிர்-21 அளக்க வேண்டும். ஆனால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அளப்பது அழுத்தத்தை அல்ல, செத்துக்கொண்டிருக்கும் செல்களை. சில நேரம் அதுகூட இல்லை, ஆர்.என்.ஏ. பிரிக்கும்போது தொலைந்துபோனதை அளக்கிறார்கள். கீழே உள்ள வரிசை இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதற்காகவே அமைந்தது. படிகளை இடம் மாற்றினால் பிரிக்க வழியில்லாமல் போகும்.

1. எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ., எந்தச் செல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் மிர்-21-5பி, மிர்-34ஏ-5பி இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம். மிர்-21 பெருங்குடல் புற்றுநோயில் கூடுவது. பிடிசிடி4, பிடென் போன்ற கட்டியடக்கிகளை அமுக்குகிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் தூண்டும் என்.எஃப்.கப்பா-பி, ஏபி-1 ஆகிய இரண்டு காரணிகளாலும் அதன் படியெடுப்பு (டி.என்.ஏ.-விலிருந்து ஆர்.என்.ஏ. எழுதப்படுவது) ஏறக்கூடும். மிர்-34ஏ, பி53 என்ற கட்டியடக்கிப் புரதத்தின் நேரடி இலக்கு, அதாவது பி53 அதை ஏற்றும். டி.என்.ஏ. சேதமானால் ஏறும்.

அதனால் செல்லின் பி53 நிலை தெரியாமல் மிர்-34ஏ-யை அளப்பதில் பயனில்லை. எச்சிடி116-ல் பி53 இயல்பானது. எச்டி-29 என்ற இன்னொரு பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லில் அதே புரதத்தில் ஆர்273எச் என்ற பிறழ்வு உள்ளது. இரண்டிலும் ஒரே பெராக்சைடு கொடுத்து, ஒன்றில் மட்டும் மிர்-34ஏ ஏறினால் அதைச் 'செல்லுக்குச் செல் வேறுபாடு' என்று தள்ளிவிடாதீர்கள், பதிலே அதில்தான் இருக்கலாம். பி53 நீக்கப்பட்ட எச்சிடி116 கிடைத்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள்.

மிர்-143, மிர்-145 இரண்டும் கட்டித் திசுவில் குறைவதாகப் பல தாள்களில் படித்திருப்பீர்கள். அதை நம்பி எச்சிடி116-ல் தேடினால் சிடி மதிப்பு (கியூபிசிஆரில் ஒளி தெரியத் தொடங்கும் சுற்றின் எண், சிறியதாக இருந்தால் ஆர்.என்.ஏ. அதிகம்) கடைசிச் சுற்றுகளில்தான் வரும். அவை முக்கியமாகக் குடல் சுவரின் இணைப்புத்திசு, தசைச் செல்களில் இருப்பவை, எச்சிடி116 போன்ற எபிதீலியச் செல்லில் (குடலின் உள்பரப்பை மூடும் செல்) அல்ல. கட்டியில் எபிதீலியம் பெருகி மற்றவற்றின் பங்கு சுருங்கினாலே அளவு குறைந்ததுபோலத் தெரியும்.

மிர்-210-ஐத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது, ஆக்சிஜன் குறைந்தால் விழிக்கும் ஹிஃப்-1 ஆல்ஃபாவின் இலக்கு. செல்கள் அடர்ந்து வளர்ந்தால் அடியில் ஆக்சிஜன் குறையும், பெராக்சைடு இல்லாமலே மிர்-210 ஏறிவிடும்.

2. தொடங்குவதற்கு முன்

செல் வரிசையின் எஸ்.டி.ஆர். அடையாளச் சோதனையும் மைக்கோபிளாஸ்மா சோதனையும் முடிந்திருக்க வேண்டும். செல் வளர்ப்பில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவில் சில இனங்கள் தாமே பெராக்சைடு உண்டாக்கும். அப்படிப்பட்ட தட்டில் கன்ட்ரோல் செல்லுக்கே (பெராக்சைடு கொடுக்காதது) அழுத்தம் இருக்கும்.

மீடியம் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். டிஎம்இஎம் என்ற வளர்ப்பு மீடியத்தின் வகைகள் பலவற்றில் 1 மில்லிமோலார் சோடியம் பைருவேட் இருக்கும். பைருவேட் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிந்து அதைத் தின்றுவிடும். நீங்கள் கொடுப்பதோ 200 மைக்ரோமோலார், அதாவது பைருவேட்டில் ஐந்தில் ஒரு பங்கு. 'எங்கள் செல் பெராக்சைடைத் தாங்குகிறது' என்ற முடிவு பல முறை இந்த லேபிளிலிருந்தே வருகிறது. பெராக்சைடு கொடுக்கும் ஒரு மணி நேரத்துக்காவது பைருவேட் இல்லாத, சீரம் இல்லாத மீடியம் வையுங்கள். சீரத்திலும் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் உண்டு.

வேண்டியவை: 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, கேட்டலேஸ் என்சைம், என்-அசிட்டைல்சிஸ்டீன் (ஆக்சிஜனேற்றத் தடுப்பி), டிசிஎஃப்எச்-டிஏ சாயம் (ஆக்சிஜனேறினால் ஒளிரும்), டிரைபான் நீலம் (செத்த செல்லில் மட்டும் ஏறும்), சிறிய ஆர்.என்.ஏ.-வைத் தக்கவைக்கும் வடிமுறை கிட், ஸ்டெம்-லூப் பிரைமர்கள் (மைக்ரோ ஆர்.என்.ஏ.-வைப் பிடித்துப் படியெடுக்க உதவும் வளைந்த டி.என்.ஏ. துண்டுகள்), ஆர்.என்.ஏ.-வை உடைக்கும் ஆர்.என்.ஏஸ் என்சைம் இல்லாத குழாய்கள். செல்லைக் கரைத்து ஆர்.என்.ஏ. எடுக்கும் பீனால்-குவானிடின் கரைசலை ஃபியூம் ஹூட்டில் மட்டும் திறங்கள். அதன் கழிவில் பிளீச் ஊற்றவே கூடாது, நச்சு வாயு வரும்.

3. செல்களை விதைத்தல்

6 வெல் பிளேட்டில் வெல்லுக்கு 3 லட்சம் எச்சிடி116 செல்கள், 2 மில்லிலிட்டர் மீடியம். மறுநாள் சுமார் 6 லட்சம் ஆகியிருக்கும்.

எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். பெராக்சைடை உடைப்பது செல்களே. 3 லட்சம் செல்லுக்கு 200 மைக்ரோமோலார் கொல்லும் அளவாக இருக்கும்போது, 12 லட்சம் செல் அதைச் சில நிமிடங்களில் கரைத்துவிடலாம். 'செறிவு 200' என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதினால் போதாது. செல் எண்ணிக்கை, மீடியத்தின் கன அளவு இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வெல் கூடுதலாக விதையுங்கள். அது எண்ணுவதற்கு மட்டும். 7-ஆம் படியில் அது இல்லாமல் நகர முடியாது.

4. பெராக்சைடு கரைசல்

30 சதவீதக் கரைசல் ஏறக்குறைய 9.8 மோலார். அதில் 10.2 மைக்ரோலிட்டரை 10 மில்லிலிட்டர் குளிர்ந்த பிபிஎஸ்-ல் (தாங்கல் உப்புக் கரைசல்) விட்டால் 10 மில்லிமோலார்.

பழைய பாட்டிலின் செறிவு லேபிளில் இருப்பதுபோல் இருக்காது. திறந்து மூடிய ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிதையும். ஆகவே 240 நானோமீட்டரில் அளவிடுங்கள். மோலார் உறிஞ்சுதிறன் 43.6. 1 சென்டிமீட்டர் குவார்ட்ஸ் குவெட்டில் 10 மில்லிமோலார் கரைசல் 0.436 காட்ட வேண்டும். 0.35 வந்தால் உங்களிடம் இருப்பது 8 மில்லிமோலார், அதற்கேற்பச் சேர்க்கும் அளவை மாற்றுங்கள். பிளாஸ்டிக் குவெட் இந்த அலைநீளத்தை மறைக்கும், வேண்டாம்.

2 மில்லிலிட்டர் வெல்லில் 40 மைக்ரோலிட்டர் விட்டால் கிட்டத்தட்ட 200 மைக்ரோமோலார். ஒரே இடத்தில் ஊற்றாதீர்கள், துளி விழுந்த இடத்துச் செல்கள் மட்டும் சாகும். தனிக் குழாயில் மீடியத்தோடு கலந்து, வெல்லின் ஓரமாக விடுங்கள். கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். மிச்சத்தை உறைய வைத்து அடுத்த வாரம் எடுப்பது வேண்டாம்.

5. அளவைத் தேர்வு செய்தல்

0, 50, 100, 200, 400 மைக்ரோமோலார். ஒரு மணி நேரம் கொடுத்து, கழுவி, முழு மீடியத்துக்கு மாற்றி, 24 மணி நேரம் கழித்து டிரைபான் நீலத்தில் எண்ணுங்கள். மிதக்கும் செல்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். அவற்றைக் கொட்டிவிட்டால் எல்லாத் தட்டும் ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

உயிரோடிருப்பவை 80 சதவீதத்துக்குக் குறையாத அதிகபட்ச அளவை எடுங்கள். அதற்கு மேல் போனால் மைக்ரோ ஆர்.என்.ஏ. மாற்றத்தில் எவ்வளவு செல் சாவால் வந்தது என்று பிரிக்க முடியாது.

இங்கே, உயிருள்ள செல்லைச் சாய நிறத்தால் மதிப்பிடும் எம்டிடி சோதனையை நம்ப வேண்டாம். எம்டிடி காட்டுவது சாயத்தை ஒடுக்கும் திறனை. நாம் கலைப்பதும் செல்லின் அதே ஆக்சிஜனேற்ற-ஒடுக்கச் சமநிலையைத்தான். என்-அசிட்டைல்சிஸ்டீன் செல்லே இல்லாத வெல்லிலும் எம்டிடி-யை ஊதாவாக்கும். அதைப் பார்த்து 'செல்கள் காப்பாற்றப்பட்டன' என்று எழுதியவர்கள் உண்டு.

ஒரே மூச்சில் கொடுக்கும் பெராக்சைடு, குடல் அழற்சியில் மெதுவாக, தொடர்ந்து ஊறும் ஆக்சிஜனேற்றத்துக்குச் சமமல்ல. கேள்வி நாள்பட்ட அழற்சியைப் பற்றியது என்றால், மீடியத்தில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் சேர்த்துச் சிறிய அளவில் தொடர்ந்து பெராக்சைடு உண்டாக்குவதே பொருந்தும்.

6. அழுத்தம் உண்மையில் வந்ததா என்று காட்டுங்கள்

டிசிஎஃப்எச்-டிஏ 10 மைக்ரோமோலார், சீரமில்லா மீடியத்தில், 37 டிகிரியில், இருட்டில், 30 நிமிடம். சீரத்தின் எஸ்டரேஸ்கள் சாயத்தைச் செல்லுக்கு வெளியிலேயே உடைத்துவிடும் என்பதால்தான் சீரம் கூடாது. கழுவி, பெராக்சைடு கொடுத்து, 30 நிமிடத்தில் 485/535 நானோமீட்டரில் படியுங்கள். ஃபீனால் ரெட் இல்லாத கரைசலில் வைத்துப் படித்தால் பின்னணி குறையும்.

இந்தச் சாயம் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதில்லை. நடுவில் இரும்போ பெராக்சிடேஸோ வேண்டும். செல்லில் தளர்ந்த இரும்பு கூடினாலும் ஒளி கூடும். விளக்கொளியிலும் அது தானே ஆக்சிஜனேறும். மைக்ரோஸ்கோப்பில் ஒரே இடத்தை நீண்ட நேரம் பார்த்தால் அந்த வட்டம் மட்டும் பச்சையாக மின்னும். எனவே 'ஆர்.ஓ.எஸ். (வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்கள்) 2.7 மடங்கு' என்று துல்லியமாக எழுதும் தகுதி இந்த எண்ணுக்கு இல்லை. கூடியது, கூடவில்லை என்ற அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இரண்டாவது சாட்சி வேண்டும். எச்எம்ஓஎக்ஸ்1 என்ற பாதுகாப்பு மரபணுவின் மெசஞ்சர் ஆர்.என்.ஏ.-வை 4 முதல் 6 மணி நேரத்தில் அளங்கள். ஆக்சிஜனேற்றப் பாதுகாப்பைத் தூண்டும் என்.ஆர்.எஃப்.2 புரதம் விழித்தால் அது ஏறும். செல் தன் பாதுகாப்பை எழுப்பியது என்பதற்கு இது சாயத்தைவிட உறுதியான சான்று.

தடுப்புக் கன்ட்ரோல் இரண்டு. ஒன்று, பெராக்சைடுக்கு முன் மீடியத்தில் கேட்டலேஸ், மில்லிலிட்டருக்கு 500 யூனிட். இது பெராக்சைடை மட்டும் உடைக்கும். கேட்டலேஸ் இருந்தும் மிர்-21 ஏறினால் அந்த ஏற்றம் பெராக்சைடால் வந்ததல்ல. கழுவியதாலோ சீரம் எடுத்ததாலோ வந்தது.

இரண்டாவது, 5 மில்லிமோலார் என்-அசிட்டைல்சிஸ்டீன், ஒரு மணி நேரம் முன்பே. தண்ணீரில் கரைத்தால் அது கடும் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7.4-க்குக் கொண்டுவந்த பிறகே சேருங்கள். மீடியம் மஞ்சளாக மாறினால் நீங்கள் சோதிப்பது அமிலத்தை. இது பெராக்சைடோடு மிக மெதுவாகவே வினைபுரியும், செல்லின் சொந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பியான குளூட்டத்தயோனைப் பெருக்குவதே இதன் முக்கிய வேலை. அதனால் கேட்டலேஸுக்கு இது மாற்றாகாது.

7. ஆர்.என்.ஏ. பிரித்தல்: சோதனை கெடும் இடம் இதுதான்

பெராக்சைடு கொடுத்த வெல்லில் செல் குறைவு. குறைந்த செல்லிலிருந்து பீனால்-குவானிடின் முறையில் ஆர்.என்.ஏ. எடுத்து ஐசோபுரொப்பனாலில் படிய வைத்தால், ஜி, சி என்ற எழுத்துகள் (குவானின், சைட்டோசின்) குறைந்த சில மைக்ரோ ஆர்.என்.ஏ.-க்கள் மட்டும் தேர்ந்தெடுத்தாற்போல் தொலையும். சிறிய ஆர்.என்.ஏ.-க்கள் நீண்ட ஆர்.என்.ஏ.-க்களோடு ஒட்டிக்கொண்டுதான் கீழே படிகின்றன. மொத்த ஆர்.என்.ஏ. குறைந்தால் பிடிமானம் குறையும், ஜி-சி குறைந்தவை முதலில் நழுவும். அப்படி நழுவுபவற்றில் மிர்-141, மிர்-29பி இரண்டோடு நம்முடைய மிர்-21, மிர்-34ஏ இரண்டும் அடக்கம்.

இது கற்பனைப் பயமல்ல. தென்கொரியாவில் வி. நாரி கிம் குழு, செல்கள் தட்டிலிருந்து பிரிந்தால் மிர்-141 வேகமாகச் சிதைகிறது என்று 2011-ல் மொலிக்யூலர் செல் இதழில் எழுதியது. செல் எண்ணிக்கை மாறியதால் வந்த பிரித்தெடுப்புப் பிழை அது என்று தாங்களே கண்டுபிடித்து, 2012-ல் அதைத் திரும்பப் பெற்று, காரணத்தையும் அதே இதழில் விளக்கினார்கள். இந்தத் துறையில் வேலை செய்யும் யாரும் அந்த விளக்கத்தைப் படிக்காமல் இருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது இது. எண்ணுவதற்கென்று வைத்த வெல்லை எண்ணுங்கள். மற்ற வெல்களில் 1 மில்லிலிட்டர் பீனால்-குவானிடின் கரைப்பான் விட்டுச் செல்லைக் கரையுங்கள். கன்ட்ரோலில் 12 லட்சம், பெராக்சைடு வெல்லில் 9 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலிருந்தும் 8 லட்சம் செல்லுக்கு உரிய கரைசலை எடுங்கள்: கன்ட்ரோலில் 667 மைக்ரோலிட்டர், மற்றதில் 889. இரண்டையும் கரைப்பான் சேர்த்து 1 மில்லிலிட்டர் ஆக்குங்கள். பிரித்தெடுப்பு இப்போது சம எண்ணிக்கையில் தொடங்குகிறது.

200 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம், 15 விநாடி பலமாகக் குலுக்கல், 3 நிமிடம் ஓய்வு, 12,000 ஜி-யில் 4 டிகிரியில் 15 நிமிடம். மேலடுக்கை எடுக்கும்போது நடுவில் இருக்கும் வெள்ளைப் படலத்தைத் தொடாதீர்கள். கடைசி 50 மைக்ரோலிட்டரை விட்டுவிடுங்கள், அதற்கு ஆசைப்பட்டால் பீனாலும் வரும்.

பிறகு ஐசோபுரொப்பனாலுக்குப் பதில் 1.5 மடங்கு தூய எத்தனால் சேர்த்து சிலிக்கா வடிகுழாயில் ஏற்றுங்கள். சாதாரண ஆர்.என்.ஏ. கிட்டில் எத்தனால் குறைவு. 200 நியூக்ளியோட்டைடுக்குக் குறைந்தவை அதில் ஒட்டாமல் கழிவுக் குழாய்க்குப் போய்விடும். நாம் தேடுவதோ 22 நியூக்ளியோட்டைடு.

முதல் முறை செய்பவர்கள் ஒரு நாள் ஒதுக்கி இதைச் சோதியுங்கள்: கன்ட்ரோல் செல்லை மட்டும் எடுத்து 10 லட்சம், 5 லட்சம், 1 லட்சம் செல் என மூன்று அளவில் ஆர்.என்.ஏ. பிரித்து, மிர்-21-இன் சிடி-யிலிருந்து ஒப்பீட்டு ஆர்.என்.ஏ.-வின் (அளவு மாறாதது என்று எடுத்துக்கொள்வது, 9-ஆம் படி பாருங்கள்) சிடி-யைக் கழித்துப் பாருங்கள். கழித்து வரும் எண் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். செல் குறையக் குறைய அது நகர்ந்தால் உங்கள் பிரித்தெடுப்பு முறையே 'உயிரியல்' காட்டுகிறது.

தூய்மைக்கு 260/280 விகிதம் 2.0 அருகே இருக்கட்டும். 260/230 மிகவும் இறங்கினால் குவானிடின் மிச்சம். உச்சம் 270 நானோமீட்டர் பக்கம் சாய்ந்தால் பீனால் கலந்திருக்கிறது, அப்போது ஆர்.என்.ஏ. செறிவும் பொய்யாக உயர்ந்து தெரியும்.

எப்போது செல் எடுப்பது? 6 மணி, 24 மணி இரண்டும். முதிர்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. நீண்ட நேரம் நிலைக்கும், படியெடுப்பு நின்றாலும் அளவு மெதுவாகத்தான் இறங்கும். 6 மணியில் முதன்மை வடிவமான பிரி-மிர்-21-ஐயும் அளந்தால் படியெடுப்பு ஏறியதா, பிந்தைய வெட்டும் படிகளில் மாற்றமா என்று தெரியும்.

8. சிடிஎன்ஏ, கியூபிசிஆர்

முதலில் ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ. படியாக, அதாவது சிடிஎன்ஏ-வாக, மாற்ற வேண்டும், பிறகு அதைக் கியூபிசிஆரில் பெருக்கி அளக்க வேண்டும். ஸ்டெம்-லூப் முறையில் 10 நானோகிராம் மொத்த ஆர்.என்.ஏ., 15 மைக்ரோலிட்டர் வினை. 16 டிகிரி 30 நிமிடம், 42 டிகிரி 30 நிமிடம், 85 டிகிரி 5 நிமிடம். 16 டிகிரிப் படியை நேரம் மிச்சம் பிடிக்கத் தவிர்க்காதீர்கள். 3-முனையின் சில எழுத்துகளில் மட்டும் பிரைமர் பிடிக்கிறது, சூட்டில் அந்தப் பிடி நிற்காது.

பின் 1.33 மைக்ரோலிட்டர் சிடிஎன்ஏ, 20 மைக்ரோலிட்டர் வினையில். 95 டிகிரி 10 நிமிடம். அதன்பின் 95 டிகிரி 15 விநாடி, 60 டிகிரி 60 விநாடி, 40 சுற்று. ஆர்.என்.ஏ. இல்லாத வெல், என்சைம் இல்லாத வெல் இரண்டும் ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும்.

ஐந்து பத்துமடங்கு நீர்ப்பில் கோடு வரைந்து சாய்வு பாருங்கள். -3.1 முதல் -3.6 வரை சரி. -3.32 என்றால் திறன் 100 சதவீதம்.

9. ஒப்பீட்டு ஆர்.என்.ஏ.

யு6 என்ற அணுக்கரு ஆர்.என்.ஏ. எல்லோரும் போடுவது. ஆனால் அது நூற்றுக்கும் மேற்பட்ட நியூக்ளியோட்டைடு நீளம். பிரித்தெடுப்பில் மைக்ரோ ஆர்.என்.ஏ. போல நடந்துகொள்ளாது. 7-ஆம் படியில் நழுவும் மிர்-21-ஐ யு6 ஈடுகட்டாது. ஆர்.என்.யு.44 என்ற இன்னொரு ஒப்பீட்டு ஆர்.என்.ஏ.-வை இந்தச் சோதனையில் தவிர்ப்பது நல்லது. அது ஜிஏஎஸ்5 மரபணுவுக்குள் இருப்பது, அந்த மரபணுவின் ஆர்.என்.ஏ. செல் வளர்ச்சி நின்றால் கூடும். பெராக்சைடு செய்வதும் வளர்ச்சியை நிறுத்துவதைத்தான்.

பெருங்குடல் திசுவில் மிர்-16, மிர்-345 ஜோடி நிலையானது என்று 2010-ல் காட்டப்பட்டது. நல்ல தொடக்கம், ஆனால் அது திசு. உங்கள் செல்லில், உங்கள் பெராக்சைடு அளவில், மூன்று நான்கு வேட்பாளர்களை ஜீநார்ம் அல்லது நார்ம்ஃபைண்டர் மென்பொருளில் சோதித்து இரண்டைத் தேர்ந்தெடுங்கள். இவற்றோடு சி. எலிகன்ஸ் புழுவின் மிர்-39-ஐ (செல்-மிர்-39 என்று எழுதுவார்கள், மனிதச் செல்லில் இல்லாததால் பிரித்தெடுப்பைச் சரிபார்க்க உதவும்) கரைப்பான் விட்ட பிறகு சேருங்கள். அதற்கு முன்பு சேர்த்தால் செல்லின் ஆர்.என்.ஏஸ் அதை உடைக்கும்.

10. கணக்கு

கன்ட்ரோலில் மிர்-21 சிடி 18.4, ஒப்பீடு 21.0 என்றால் வித்தியாசம் -2.6. பெராக்சைடில் 17.5, 21.1 என்றால் -3.6. இரண்டின் வித்தியாசம் -1.0, அதாவது 2 மடங்கு ஏற்றம்.

புள்ளியியலை மடங்குகளில் அல்ல, சிடி வித்தியாசத்தில் செய்யுங்கள். மடங்கு என்பது அடுக்குக்குறி எண், ஒரு பக்கமாகச் சாயும். ஒரே ஆர்.என்.ஏ.-வை மூன்று வெல்லில் ஓட்டினால் அது மூன்று மாதிரி ஆகாது, ஒன்றுதான். வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாசேஜில் (செல்லைப் புதுத் தட்டுக்கு மாற்றிய முறை) விதைத்த மூன்று தட்டு வேண்டும்.

11. மாற்றம் காரணமா, உடன்நிகழ்வா

மிர்-21 ஏறியது என்பதோடு நின்றால் பாதிதான் முடிந்தது. மிமிக் (மிர்-21 போலவே செயல்படும் செயற்கை ஆர்.என்.ஏ.) 20 நானோமோலார், தடுப்பான் (மிர்-21-ஐப் பிடித்துச் செயலிழக்கச் செய்வது) 50 நானோமோலார் கொடுத்துப் பாருங்கள். மிமிக்குக்கு 20 மைக்ரோமோலார் இருப்பிலிருந்து 2 மைக்ரோலிட்டர், 2 மில்லிலிட்டர் வெல்லுக்கு. மிமிக்கை 100 நானோமோலாருக்கு ஏற்றினால் இலக்கில்லாத மரபணுக்களும் மாறும். மிமிக்கைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் லிப்பிட் கலவை தன்னளவிலேயே செல்லுக்கு அழுத்தம், ஆகவே இலக்கற்ற மிமிக் கொடுத்த செல்லோடுதான் ஒப்பிட வேண்டும், வெறும் செல்லோடு அல்ல.

மிமிக் வேலை செய்ததா என்று கியூபிசிஆரில் பார்க்காதீர்கள். செல்லின் பைகளில் சிக்கிச் சும்மா கிடக்கும் மிமிக்கையும் அது எண்ணி, ஆயிரம் மடங்கு காட்டும். தடுப்பானோ மைக்ரோ ஆர்.என்.ஏ.-வை உடைக்காமல் வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கலாம், சிடி எண்ணை நம்ப முடியாது. பிடிசிடி4 புரதத்தை 48 மணியில் வெஸ்டர்ன் பிளாட்டில் பாருங்கள். அது இறங்கினால் மிமிக் வேலை செய்கிறது, ஏறினால் தடுப்பான் வேலை செய்கிறது.

வேறு திசுவில் கண்ட இலக்கை அப்படியே எடுத்து வராதீர்கள். மிர்-21, ஆர்.ஓ.எஸ். உடைக்கும் எஸ்ஓடி3 என்சைமை அமுக்கி ஆர்.ஓ.எஸ். கூட்டுகிறது என்பது மூச்சுக்குழாய்ச் செல்களில் காட்டியது. மிர்-28, என்.ஆர்.எஃப்.2-ஐக் குறைப்பது மார்பகப் புற்றுநோய்ச் செல்லில். உங்கள் செல்லில் அந்த இலக்கு முதலில் வெளிப்படுகிறதா என்று பார்த்துவிட்டு, இலக்கு அமுக்கப்படுவதை ஒளி குறைவதால் காட்டும் லூசிஃபெரேஸ் சோதனையில் விதைப்பகுதிக்கு, அதாவது 2 முதல் 8 வரையான எழுத்துகளுக்கு, இணையான இடத்தை மாற்றிய வடிவத்தையும் சேர்த்து வையுங்கள். மாற்றிய வடிவத்திலும் ஒளி குறைந்தால் அது நேரடி இலக்கல்ல.

12. நோயாளி இரத்தத்துக்குப் போகும் முன்

செல்லில் கண்டதை பிளாஸ்மாவில் தேடுபவர்கள் ஹெப்பாரின் குழாயைத் தவிர்த்து ஈடிடிஏ குழாய் எடுங்கள், ஹெப்பாரின் பிசிஆரைத் தடுக்கும். இரண்டு முறை சுழற்றுங்கள், இரண்டாவது 16,000 ஜி-யில் 10 நிமிடம். முதல் சுழற்சியில் மட்டும் நின்றால் தட்டணுக்கள் மிச்சம் இருக்கும்.

சிவப்பணு உடைந்த மாதிரி வெளிர் சிவப்பாகத் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவும் போதும் முடிவைக் கெடுக்க. ஹீமோகுளோபின் உறிஞ்சும் 414 நானோமீட்டரில் அளவீடு 0.2-க்கு மேல் போனால் ஒதுக்குங்கள். மிர்-23ஏ சிடி-யிலிருந்து மிர்-451ஏ சிடி-யைக் கழித்து 7-க்கு மேல் வந்தாலும் அப்படியே. மிர்-16, மிர்-92ஏ, மிர்-486 மூன்றும் சிவப்பணுவில் நிறைய உள்ளவை. திசுவில் ஒப்பீடாக உதவிய மிர்-16-ஐ அப்படியே பிளாஸ்மாவுக்குக் கொண்டுவந்தால், இரத்தம் எடுத்த ஊசியின் தவறு நோயின் அடையாளமாகப் பதிவாகிவிடும்.